நான் தேர்ந்தெடுத்த கார்டு

ஜூன் 3, திங்கள்

இன்று பதினோரு சர்வர்கள் வந்து இறங்கின. ஏதோ ஒரு வெளிநாட்டு வங்கி கழித்துக் கட்டியவை, எங்கள் பட்டறையில் புதுப்பித்து விற்க. எல்லாவற்றையும் வேனிலிருந்து பட்டறைக்குள் கொண்டுவருவதற்குள், கூட வேலை செய்யும் ஸ்ரெத்தன் மூன்று முறை உட்கார்ந்துவிட்டான். நான் ஒவ்வொன்றின் மூடியையும் கழற்றி, காற்றடித்து, பிரஷ்ஷால் தூசி எடுத்தேன். உள்ளே என்னென்ன கார்டு இருக்கிறது, எது எந்த ஸ்லாட்டில், போர்டில் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது, எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மதியம் ஸ்ரெத்தன், "நாலு மணி நேரமா ஒரு வார்த்தை வரலியே, உயிரோடதான் இருக்கியா? மூக்குகிட்ட கண்ணாடி வச்சுப் பாக்கவா?" என்றான். சிரித்து வைத்தேன். சொல்ல வேண்டிய பதில் வீட்டுக்கு நடந்து வரும்போது ஆற்றுப் பாலத்தில்தான் தோன்றியது. எப்போதும் அப்படித்தான்.

ஜூன் 5, புதன்

அம்மா ரொட்டிக் கடை முதலாளியிடம் பேசி வைத்திருக்கிறாள். ஜூலை முப்பத்தொன்றோடு பட்டறையில் என் சோதனைக்காலம் முடிகிறது. அவர்கள் வைத்துக்கொள்ளாவிட்டால் ஆகஸ்ட் ஒன்றிலிருந்து நான் கடை கல்லாவுக்குப் பின்னால்.

"காலையில அஞ்சு மணியிலேருந்து ஜனம் வரும். ரெண்டு நாள்ல பேச்சு தானா வந்துடும்" என்றாள்.

வராது. எனக்குத் தெரியும். பள்ளியிலும் இதையேதான் சொன்னார்கள். கரும்பலகை முன்னால் நிறுத்தி, முப்பது பேர் பார்க்க, வாயால் பதில் சொல்லச் சொல்வார்கள். விடை மனதில் வரிவரியாக ஓடும். தொண்டையில் வந்து நிற்கும். "உட்கார். ஒன்று." ஐந்துக்கு ஒன்று. அந்த வருடம் ஒன்பது ஒன்றுகள் வாங்கினேன். பிறகு ஒரு நாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை.

புரெக் என்கிற அடுக்கு ரொட்டி இருநூறு கிராம், பாலாடையா கறியா, தயிர் வேண்டுமா — ஒரு நாளைக்கு ஐந்நூறு முறை இதைக் கேட்க வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

வூகாஷின் மாமா என் தாள்களைப் பார்த்துவிட்டார்! பட்டறை அவருடையது. ஆனால் பாதி நாள் வேனில்தான் இருப்பார். இன்று காபிக் கோப்பை வைக்க இடம் தேடியபோது கட்டு கையில் கிடைத்திருக்கிறது.

"இது யார் எழுதினது?"

"ஆவி" என்றான் ஸ்ரெத்தன்.

மாமா நின்றுகொண்டே நாலைந்து பக்கம் படித்தார். காபி ஆறிப்போனது. பிறகு, "நில அளவை ஆபீசுக்கு ஒரு சர்வர் கேக்குறாங்க. அதுக்கு என்ன கார்டு போடணும்னு நீ பாரு, நெவெங்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நானா? துடைக்கத்தான் வந்தேன்.

ஜூன் 12, புதன்

ஸ்ரெத்தனோடு முடியவில்லை.

நில அளவை ஆபீசில் பன்னிரண்டு பேர். வானத்திலிருந்து எடுத்த வயல், ரோடு, மலைப் படங்களைத் திறந்து எல்லை போடுகிறார்கள். ஒரு படம் திறப்பதற்குள் ஒரு சிகரெட் பிடித்து முடித்துவிடலாமாம். அதைச் சரிசெய்ய வேண்டும். டிராயரில் ஒரு பெரிய நெட்வொர்க் கார்டு இருக்கிறது, நாற்பது ஜிகா. அதைப் போட்டே ஆக வேண்டும் என்கிறான்.

"பெருசு போட்டா வேகம். இதுக்கு என்ன ஆராய்ச்சி?"

அந்த சர்வரில் ஒரே ஒரு பிராசஸர்தான் இருக்கிறது. இன்னொன்றின் இடம் காலி. வலப்பக்கம் இருக்கும் மூன்று ஸ்லாட்டுகளும் இல்லாத அந்த இரண்டாவதோடு சேர்ந்தவை. அங்கே எதைச் சொருகினாலும் தண்ணீர் வராத குழாயடியில் குடம் வைத்த மாதிரிதான். இடப்பக்கம் மூன்று. அதில் இரண்டு நல்லவை. மூன்றாவது பார்க்க நீளமாக, ஜம்மென்று இருக்கும். பதினாறு தடத்துக்கு, அதாவது தகவல் ஓடும் பாதைக்கு, இடம். ஆனால் போர்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் நான்குதான் ஓடுகிறது என்று அச்சடித்திருக்கிறது. நல்லவை இரண்டில் ஒன்று டிஸ்க்குகளின் கார்டுக்குப் போய்விடும். மற்றொன்றில் பெரிய கார்டு நுழையாது, அதன் அகலத்துக்கு மிச்சம் இருக்கும் இடமோ அந்த ஜம்மென்ற மூன்றாவதுதான். எட்டுத் தடம் கேட்கிற கார்டை நாலில் உட்கார வைத்தால்? பாதி வேகம். அதுவும் போகட்டும். அந்த ஆபீசின் நெட்வொர்க் சுவிட்ச்சே பத்து ஜிகாவுக்கு மேல் வாங்காது. எதற்கு நாற்பது?

இவ்வளவும் எனக்குத் தெரியும். அவனிடம் சொன்னது என்ன? "இல்ல... அந்த ஸ்லாட்..."

"என்ன ஸ்லாட்? சத்தமா!"

"ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லையாம். ச்சே.

ஜூன் 13, வியாழன்

ஒரு பக்கத்தில் எழுதி மாமாவின் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன். டிஸ்க்குக்கு எட்டுத் தடக் கார்டு, முதல் ஸ்லாட்டில். பத்து ஜிகா நெட்வொர்க் கார்டு, இரண்டாவதில். அந்த ஆபீஸ் சுவருக்குள் ஏற்கெனவே செம்புக் கம்பி ஓடுவதால் கம்பிக்கான கார்டே போதும். கொஞ்சம் சூடாகும், ஆனால் சர்வரின் ஆறு ஃபேனும் முன்னாலிருந்து பின்னால் காற்றைத் தள்ளுவதால் பயமில்லை.

மாமா படித்தார். "சரி" என்றார். ஸ்ரெத்தன் நாற்பது ஜிகா கார்டை டிராயரில் போட்டு, டிராயரைக் காலால் சாத்தினான்.

ஜூன் 18, செவ்வாய்

கார்டு வந்தது. பின்பக்கத் தகடு நீளமானது வந்திருக்கிறது. குட்டைத் தகடு என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தேன். மூன்று இடத்தில்!

ஜூன் 21, வெள்ளி

பழைய கார்டு ஒன்றிலிருந்து குட்டைத் தகட்டைக் கழற்றி மாற்றினேன். திருகு ஒன்று மேசைக்கு அடியில் ஓடிவிட்டது. அரை மணி நேரம் தரையில் தவழ்ந்தேன். ஸ்ரெத்தன் சாண்ட்விச் சாப்பிட்டபடி வேடிக்கை பார்த்தான். "இடது பக்கம்... இல்ல, இல்ல, உன்னோட இடது" என்றான். திருகு அவன் செருப்புக்கு அடியில் இருந்தது. தெரிந்தேதான் மிதித்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 25, செவ்வாய்

ஒரு நாள் முழுக்க முழு பாரத்தில் ஓடவிட்டேன். கார்டின் சூடு அறுபத்தெட்டு டிகிரி. நூறு வரை தாங்கும். அறுபத்தெட்டு! இந்த எண்ணை அழகு என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

ஜூன் 27, வியாழன்

நில அளவை ஆபீசுக்குப் போனோம். சர்வர் வைக்கும் இடம் ஒரு சின்ன அறை. முன்பு விளக்குமாறு, வாளி வைத்திருந்தது. அதன் கதவுக்கு முன்னால் தெசாங்கா அத்தையின் மேசை. கடிதம், முத்திரை, சாவி எல்லாம் அத்தை கையில். ஆபீஸ் தலைவரே அவரிடம் கேட்டுவிட்டுத்தான் லீவு எடுப்பார் போலிருக்கிறது. எனக்கு மிட்டாய் கொடுத்தார். "எலும்பும் தோலுமா இருக்கியே பெண்ணே, வீட்டுல சமைக்கிறாங்களா?" என்றார். மாமாவும் ஸ்ரெத்தனும் பெட்டியைத் தூக்கி ரேக்கில் ஏற்றினார்கள், கேபிள் மாட்டினது நான். முதல் படம் திறக்க எடுத்தது நான்கு விநாடி. பன்னிரண்டு பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார். எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனாலும் சந்தோஷம்.

திரும்பி வரும்போது மாமா சொன்னார்: "இது ஒழுங்கா ஓடட்டும். ஆகஸ்ட்லேருந்து எல்லா சர்வருக்கும் கார்டு பாக்கற மேசை உனக்குத்தான்."

பேச வேண்டாத மேசை!

ஜூலை 1, திங்கள்

ஓடுகிறது.

ஜூலை 4, வியாழன்

ஆபீசிலிருந்து போன். மதியத்துக்கு மேல் படங்கள் நகர மாட்டேன் என்கின்றனவாம். மூன்று மணிக்கு நெட்வொர்க்கே விழுந்துவிட்டது. காலையில் சரியாகிவிடுகிறது.

மாமா என்னைப் பார்த்தார்.

ஜூலை 5, வெள்ளி

இன்றும்.

ஜூலை 8, திங்கள்

காலையில் நானும் ஸ்ரெத்தனும் போய் அதே மாதிரி இன்னொரு கார்டு மாற்றினோம். எட்டு மணிக்குப் பறந்தது. பட்டறைக்குத் திரும்பி, சாப்பிட உட்காரும்போது போன். விழுந்துவிட்டது.

இரண்டு கார்டும் கெட்டதா? இருக்காது. கேபிளா? மாற்றினேன். ஸ்லாட்டா? பட்டறையில் அதே ஸ்லாட்டில்தானே ஒரு நாள் முழுக்க ஓடியது? எனக்கு எதுவுமே புரியவில்லை.

ஜூலை 10, புதன்

"நான் சொன்னேனே" என்பதை ஒரே நாளில் எத்தனை விதமாகச் சொல்ல முடியும் என்று ஸ்ரெத்தன் காட்டினான். போன் பேசும்போது சொன்னான். திருகு முடுக்கும்போது ராகமாகப் பாடினான். கடைசியில் கொஞ்சம் நல்லவனைப் போல, "சின்னக் கார்டை நம்பினே பாரு, அதான். அனுபவம் இல்ல, வேற என்ன" என்றான். இதுதான் அதிகம் வலித்தது.

ஜூலை 12, வெள்ளி

மாமா முடிவு செய்துவிட்டார். இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை போய் நாற்பது ஜிகா கார்டைப் போடுவது. அதுவும் சரியாக வராவிட்டால் ஆபீஸ்காரர்கள் சர்வரையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனில் அவர்களிடம், "கார்டு தேர்வுல ஒரு சின்னத் தப்பு நடந்துடுச்சு" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா: "கல்லாவுல நிக்கறதுக்கு வெள்ளைக் கோட்டு வேணும். அளவு கேட்டாங்க."

என் கார்டு தப்பில்லை. தப்பில்லைன்னு எப்படி நிரூபிப்பேன்? யாருகிட்ட? எந்த வாயால?

ஜூலை 15, திங்கள்

சர்வர் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும். என்னைப் போல. கடந்த பத்து நாள் பதிவைப் பட்டறையிலிருந்தே எடுத்துப் படித்தேன். கார்டின் சூடு:

காலை ஏழு மணி — ஐம்பத்தெட்டு. பத்து — எழுபத்தொன்பது. பன்னிரண்டு — தொண்ணூற்றாறு. இரண்டு — நூற்று நான்கு.

அதற்கு மேல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைக்கிறது. பிறகு இணைப்பைத் துண்டித்துக்கொள்கிறது. கார்டு மட்டும் இல்லை, டிஸ்க்கும் கொதிக்கிறது. ஆறு ஃபேனும் மதியம் முழுக்க உச்ச வேகத்தில் சுற்றுகின்றன. சுற்றியும் சூடு இறங்கவில்லை. ஃபேன் சுற்றுகிறது, குளிரவில்லை. அப்படியென்றால் ஃபேன் எதைத்தான் உள்ளே இழுக்கிறது?

நாற்பது ஜிகா கார்டு இதைவிடச் சூடாகும். ஒரு மணிக்கே விழும்.

ஜூலை 16, செவ்வாய்

மாமாவிடம் அந்த எண்களைக் காட்டினேன். வேனுக்குள் ஏறிக்கொண்டே, "நாற்பது டிகிரி வெயில்ல நானே விழுந்துடுவேன் போலிருக்கு. திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றார். கதவைச் சாத்தினார்.

ஜூலை 17, புதன்

இனிமேல் எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கேபிள் அளவு எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லி — வாயால் சொன்ன பொய்கூட இல்லை, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினேன் — மதியம் இரண்டு மணிக்குத் தனியாக ஆபீசுக்குப் போனேன். தெசாங்கா அத்தை கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார், இந்த வெயிலில்.

"வந்தியா பெண்ணே! உன் பெட்டி மதியத்துக்கு மேல ஹெலிகாப்டர் மாதிரி கத்துது. அந்தச் சத்தம் தாங்காம கதவு ஓட்டைக்கெல்லாம் கம்பளித் துணி திணிச்சு வச்சிருக்கேன்."

சின்ன அறையின் கதவைத் திறந்தேன். அடுப்பு வாயைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. கதவின் கீழே இருந்த காற்றுத் துளைகளில் கம்பளி. எதிர்ச்சுவரில் முற்றத்தைப் பார்த்த ஜன்னல். மேல் பலகையும் கீழ்ப் பலகையும் மூடி, தாழ்ப்பாள் போட்டு, இண்டு இடுக்கில் காகித டேப் ஒட்டி.

அந்த டேப்பை நான் அடையாளம் கண்டுகொண்டேன். கேபிளுக்குப் பெயர் எழுதி ஒட்டும் மஞ்சள் டேப். எங்கள் பட்டறையுடையது. என் பையில் இருப்பது.

பொருத்திய அன்று அந்த ஜன்னல் திறந்திருந்தது. நான் கேபிள் மாட்டிக்கொண்டிருந்தேன். அத்தை வெளியே இருந்து குரல் கொடுத்தார்: "பெண்ணே, ஜன்னலையும் கதவையும் எதிர் எதிரே திறந்து வச்சிருக்கீங்க, குறுக்குக்காத்து நேரா என் பிடரியில அடிக்குது. இனி ஒரு வாரத்துக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது!" நான் உடனே எழுந்து மூடினேன். "இடுக்குல வருது" என்றார். டேப் ஒட்டினேன். அதற்குத்தான் அந்த மிட்டாய்.

வீட்டுக்கு வந்து ஜூன் 27 பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். மிட்டாய் இருக்கிறது. நான்கு விநாடி இருக்கிறது. கை தட்டினது இருக்கிறது. ஜன்னலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறைக்கவில்லை, சத்தியமாக. குறுக்குக்காற்று வந்தால் மூட வேண்டியதுதான். அது ஒரு காரியமாகவே எனக்குப் படவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றியதை யாராவது எழுதி வைப்பார்களா?

கார்டைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன். பிறகு நானே அதன் மூக்கைப் பொத்திவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

சொல்லாமல் இருந்தால் "கார்டு தப்பு". சொன்னால் "நெவெங்கா தப்பு". இரண்டிலும் ரொட்டிக் கடைதான்.

யாருக்கும் தெரியாமல் போய் டேப்பைக் கிழித்துவிட்டு வந்தால்? அத்தை அடுத்த அரை மணியில் கிழவிபோல் குனிந்துகொண்டு மறுபடி மூடுவார். ஆகாது.

ஜூலை 19, வெள்ளி

ஒரு பக்கம் எழுதினேன். காபி வேளையில் மாமாவிடம் நீட்டினேன்.

"கண்ணாடியை வேன்ல விட்டுட்டேன். வாயால சொல்லு."

ஸ்ரெத்தன் கோப்பையோடு திரும்பி உட்கார்ந்தான், சினிமா பார்ப்பவனைப் போல. பள்ளிக் கரும்பலகை ஞாபகம் வந்தது.

"ஜன்னலை நான்தான் மூடினேன்."

"எந்த ஜன்னல்?"

சொன்னேன். துண்டு துண்டாக. நூற்று நான்கு டிகிரி, கம்பளி, மஞ்சள் டேப். மாமா நெற்றியைச் சுருக்கிக் கேட்டார்.

"குறுக்குக்காத்து அடிச்சுதா?"

"அடிச்சுது."

"அப்ப மூடத்தானே செய்வாங்க! இதுல உன் மேல என்ன தப்பு?"

"நானா இருந்தாலும் மூடியிருப்பேன்" என்றான் ஸ்ரெத்தன், முதல்முறையாக என் பக்கம் நின்று. "எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான், பஸ்ல ரெண்டு பக்கமும் ஜன்னல் திறந்திருந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு."

"காதுல பஞ்சு வச்சிருக்கணும்" என்றார் மாமா.

இருவரும் சித்தப்பாவின் வாயைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்! நான் இரண்டு வாரமாகச் செத்துப் பிழைத்து, தொண்டையைக் கிழித்துக்கொண்டு சொன்னது அவர்களுக்குத் தப்பாகக்கூடத் தெரியவில்லை. பெரிய கார்டு திங்கட்கிழமை போகும். அதுவும் வேகும். சர்வர் திரும்பி வரும். எனக்குள் என்னவோ உடைந்தது.

"தப்புதான்!" என்று கத்தினேன். "மனுசங்களுக்குக் காத்து ஆகாது, சரி! அந்தக் கார்டுக்குக் காத்துதான் உயிரு! அதுல தனியா ஃபேன் கிடையாது, வெறும் அலுமினியத் தகடு! நாற்பது போட்டாலும் சாகும், நானூறு போட்டாலும் சாகும்! ஜன்னலைத் திறக்கணும் மாமா!"

 

"ஆவி பேசுது" என்றான் ஸ்ரெத்தன், மெதுவாக.

மாமா கோப்பையை வைத்தார். "சரி. திங்கக்கிழமை நீயே போய் தெசாங்காகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன். என் பொண்டாட்டிகிட்டயே இதைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. ஸ்ரெத்தன் பெரிய கார்டோட கூட வருவான். அத்தை சம்மதிக்கலைன்னா அதைப் போட்டுட்டு வந்துடுங்க."

ஜூலை 21, ஞாயிறு

அம்மா வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறாள். அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன். ஜன்னல் மூடியிருக்கிறது, இயல்பாகவே.

நாளைக்குச் சொல்ல வேண்டியதைப் பன்னிரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

ஜூலை 22, திங்கள்

பன்னிரண்டு முறை சொல்லிப் பார்த்ததில் ஒரு சொல்கூட உதவவில்லை.

"அத்தை, அன்னிக்கு ஜன்னலை நான் மூடினது தப்பு. அதைத் திறக்கணும்."

"திறக்கணுமா?" முத்திரையை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எலும்பும் தோலுமா இருக்காளேன்னு பாவப்பட்டேன். என்னை உயிரோட புதைக்க வந்திருக்கா! டேய் பையா, இவ சொல்றதைக் கேட்டியா?"

ஸ்ரெத்தன் பெரிய கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "நான் எதுலயும் இல்ல அத்தை" என்றான்.

"பத்தொன்பது வருசமா இந்த நாற்காலி. இந்தக் கழுத்துக்கு மூணு தடவை ஊசி போட்டிருக்கு. பெட்டிக்கு வேர்க்குதாம், என் கழுத்து போனாப் போவுதாம்!"

மற்றவர்கள் எல்லோரும் திரையைப் பார்ப்பது போலப் பாவனை செய்தார்கள். ஒரே நேரத்தில் எனக்கு அழுகையும் ஆத்திரமும். ஓடிவிடலாமா? கதவு நாலு அடிதான். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, "அத்தை, கொஞ்சம் எழுந்திருங்க" என்றேன். அதிர்ச்சியில் எழுந்துவிட்டார். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஸ்ரெத்தனிடம் கம்பளியை எடுத்து, ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்.

பிடரியில் காற்று பட்டது. நேராக. ஒல்லியாக, கத்தி மாதிரி. அத்தை பொய் சொல்லவில்லை.

"ஆமா அத்தை. அடிக்குது."

"பின்ன!" என்றார். கோபம் பாதியாகிவிட்டது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் விளங்கியது. காற்று ஹாலிலிருந்து கதவுத் துளை வழியாக உள்ளே போய் ஜன்னலில் வெளியேற வேண்டும் என்று யார் சொன்னது? ஜன்னலில் இரண்டு பலகை இருக்கிறது. கீழ்ப்பலகை வழியாக உள்ளே வரட்டும், மேல்பலகை வழியாக வெளியே போகட்டும். முற்றம் நாள் முழுக்க நிழல். சர்வரைத் திருப்பி அதன் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துவிட்டால் போதும். கதவு?

"கதவை மூடிடலாம் அத்தை. சுத்தமா. ஒரு துளைகூட இல்லாம. இப்ப இருக்கற கம்பளியைவிட நல்ல கம்பளி நானே வச்சு அடைக்கிறேன். உங்க பக்கம் மூச்சுக்காத்துகூட வராது. உள்ள ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும்."

நீளமாகப் பேசிவிட்டேன். மூச்சு வாங்கியது. அத்தை என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"ஒரு பொட்டுக் காத்து வந்துச்சுன்னாலும் நானே எழுந்து போய் மூடிடுவேன். சொல்லிட்டேன்."

"சரி அத்தை."

"எழுந்திரு. என் நாற்காலி."

ஸ்ரெத்தன் பெரிய கார்டை வேனில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். நான் கேட்கவே இல்லை, பழைய சர்வர் ஃபேன் இரண்டை எடுத்து வந்து மேல்பலகையில் வெளியே தள்ளும்படி பொருத்தினான். சர்வரைத் திருப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது. அத்தையே ஒரு பக்கம் பிடித்தார். கழுத்து வலிக்காரருக்கு என்ன பலம்! கதவிடுக்கு முழுக்க நான் மண்டியிட்டு மஞ்சள் டேப் ஒட்டினேன். இந்த முறை எழுதி வைக்கிறேன்: கதவு, நான்கு பக்கமும், என் கையால்.

ஜூலை 23, செவ்வாய்

மதியம் இரண்டு மணி. வெளியே முப்பத்தொன்பது. கார்டு எண்பத்தொன்று.

ஜூலை 25, வியாழன்

எழுபத்தெட்டு, எண்பத்திரண்டு, எண்பது. ஒரு முறைகூட விழவில்லை. இன்று காலை மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வெள்ளிக்கிழமைத் தாளை வாசித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 29, திங்கள்

கோட்டு அளவு பெரிதாம். அம்மா கையை உள்ளே மடித்துத் தைத்தாள். என்னிடம் கேட்காமல் தைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "நாளன்னிக்குத் தெரியும்மா" என்று மட்டும் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல், "இப்பல்லாம் நீ வாய் திறக்கறே" என்றாள்.

ஜூலை 31, புதன்

நாள் முழுக்கக் காத்திருந்தேன். ஆறு மணிக்கு மாமா வேனில் ஏறும்போது எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஜன்னலைத் தட்டினேன்.

"நாளைக்கு நான் வரணுமா மாமா?"

"வராம? கார்டு பட்டியலை யாரு எழுதறது, ஸ்ரெத்தனா?" என்று சொல்லிவிட்டு ஜன்னலை ஏற்றிவிட்டார். எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருந்தது, குறுக்குக்காற்று.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒரு அச்சகத்துக்குப் போனேன், தனியாக. மாமா புதிதாக ஒரு விதி வைத்திருக்கிறார்: இனிமேல் இடத்தைப் பார்க்காமல் எந்தக் கார்டும் வாங்கக் கூடாது.

ஆறு பேர் சுற்றி நின்றார்கள். எனக்கு முகம் சிவந்தது, குரல் கம்மியது, ஆனாலும் கேட்டேன். எத்தனை பேர் ஒரே நேரத்தில் கோப்பு திறப்பார்கள்? சுவருக்குள் என்ன கேபிள்? சர்வர் எந்த அறையில்?

"அந்த அறைக்குப் பக்கத்துல உட்காரறது யாரு?" என்றேன். "காத்து பட்டா யாருக்கு வலிக்கும்?"

சிரித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓரமாக நின்றிருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிப் பாதிக் கையை உயர்த்தினாள்.

பெயர் கேட்டு முதல் வரியில் எழுதிக்கொண்டேன்.